விளிம்பிலும் வெளிச்சம்

நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அவைத்தலைவர் எக்கார்ட் அவர்களே! எதையும் எளிதில் நம்பாத கோட்டிங்கன் நகரத்து மூத்தோரே! ஆப்பிள் கேக் சுட்டு வந்து எங்கள் சண்டைகளை அமர்த்திய அன்னையரே! புல்வெளியில் பியரோடு நிற்கும் இளையோரே! வணக்கம்.

ஆய்வகத்தில் மற்றவர் கணக்கில் பிழை தேடுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் இன்று மிதக்கிறேன்!

நம் ஆய்வகத்துத் தோர்பன் ஒரு கோளைக் கண்டான். அது தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கையில் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அதுவே கோளின் பருமனைச் சொல்லும். ஆனால் விண்மீன் நடுவில் பளிச்சிடும், விளிம்பில் மங்கும். எவ்வளவு மங்கும்? அதற்காகவே ஹென்ரிகே கணினியில் விண்மீனின் வளிமண்டலத்தைக் கட்டினாள். அவள் கணக்கில் விளிம்பு மிகவும் இருண்டது. அவன் அளந்த விளிம்போ அவ்வளவு இருளவில்லை! பருமன் உறுதியாகாவிட்டால், உலகமே நேரம் கேட்டு வரிசையில் நிற்கும் அந்தப் பெரிய தொலைநோக்கி அந்தக் கோளைத் திரும்பியும் பாராது.

உணவறையில் போர் மூண்டது.

"உன் நட்சத்திரம் தப்பும்மா!"

"போடா, போய் உன் தொலைநோக்கியத் தொடைச்சு வை!"

"அது விண்வெளியில இருக்கு. ஏணி வச்சா தொடைக்கிறது?"

"அப்ப என் கணக்குல என்னடா கொறை?"

"காந்தம் எங்கம்மா? நம்ம சூரியனுக்கே இருக்கே!"

"கணக்கு பாரமாகுதுன்னு விட்டுட்டேன்... அய்யய்யோ!"

பாதிச் சூப்பை விட்டு ஓடினாள். மெல்லிய காந்தப்புலத்தைச் சேர்த்தாள். விளிம்பு வெளிறியது! அவள் கணக்கின் கோடு அவன் அளந்த புள்ளிகளின்மேல் படிந்தது!

நான் நம்பினேனா? நானா?

"ஒண்ணுக்குப் பொருந்தினா அதிர்ஷ்டம். காந்தத்தைக் கூட்டிக் கொறச்சு யாரும் பொருத்திடலாம். இன்னொரு நட்சத்திரத்துக்கு விளிம்பு எவ்வளவு மங்கும்னு சொல்லு. அவன் அளவப் பாக்காமச் சொல்லு!"

"உங்கள வச்சுக்கிட்டு சந்தோஷப்படவே முடியாது!" என்றாள். ஆனாலும் சொன்னாள். தோர்பன் தன் அளவீட்டை அதன்மேல் வைத்தான். பொருந்தியது, பெருமக்களே! நான் குதித்தேன்...

என்ன? யாரங்கே? "கேக்கு மேல குதிச்சீங்க"வா? ஆமாம் அம்மா, குதித்தேன்! மன்னியுங்கள். அடுத்த கேக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்!

இன்று காலை செய்தி வந்தது: பெரிய தொலைநோக்கி அந்தக் கோளைப் பார்க்கப் போகிறது!

கோளை அளக்க வேண்டுமா? முதலில் விண்மீனை அறி! விண்மீனை அறிய வேண்டுமா? பாரமென்று கணக்கில் எதை விட்டாய் என்று கேள்! கேட்டுக்கொண்டே இரு! பொருந்தும்வரை கேள், பொருந்திய பின்னும் ஒருமுறை கேள், அதற்கும் பொருந்தினால், தோழர்களே, வெட்கப்படாமல் குதி!

தலைவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுத்துக்கொண்ட அவருக்கும், சண்டை போட்ட இருவருக்கும், கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்!