வர்ற நாப்பது கிலோமீட்டர்

பேப்பர அவர்கிட்ட காட்ட வேணாம் மா, என்கிட்டயே காட்டு. காடி எடுக்கறது நான்தான். பே ஸ்லிப் என்னுது, அடையாளத்துக்குக் குடுத்த ஐசி என்னுது. அவரு என் வீட்டுக்காரரு, கலர் பாக்க வந்திருக்காரு. பாக்கட்டும். வெளிய நிக்கற அத்தன காடியையும் டயர்ல ஒரு தட்டு தட்டிட்டுத்தான் வருவாரு. அதுக்குள்ள நம்ம பேசி முடிச்சிடலாம்.

உன் பேரு சுமையாதானே? சட்டையில போட்டிருக்கு. நான் புனிதா, போன்ல பேசுனேனே. ஆன்டி வேணாம் லா, அக்கான்னே கூப்பிடு. அம்பதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

சரி, மொதல்லேர்ந்து சொல்லு. மூணு வருஷம். மாசம் எண்ணூத்தி அம்பது வெள்ளி. இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ளயே. மூணு வருஷம் முடிஞ்சா காடிய உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடணும். அதச் சொல்றப்ப மட்டும் ஏன் மா குரல எறக்கற? எல்லாரும் அந்த எடத்துலதான் எந்திரிச்சுப் போயிடறாங்களா? போவாங்க. நம்ம ஆளுங்களுக்குக் காசு கட்டுனா வாசல்ல ஒரு பொருள் நிக்கணும்.

எனக்கு நின்ன கதையக் கேளு. போன காடி ஒம்பது வருஷ லோன். அவரு பேரு பேங்க்ல எடுபடல, பழைய வில்லங்கம் ஏதோ. அதனால என் பேரு. காப்பார்ல எங்க வரிசையில பாதி வீட்டுல அப்படித்தான், பேரு பொம்பளையுது, சாவி ஆம்பளையுது. அவரு ஏர்கோன் மாட்டற வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. நான் கிள்ளானுக்கு வேலைக்கு வரணும், அஞ்சே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்புல நிப்பேன். ஒம்பது வருஷமும்தான். போன மார்ச்சுல லோன் முடிஞ்சிருச்சுன்னு பேங்க்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. லெட்டரக் கையில வச்சுக்கிட்டு, ஒரு தடவ நம்மளே உள்ள உக்காந்து பாப்போம்னு வெளிய வரேன், வாசல் காலியா இருக்கு. தம்பிக்குக் குடுத்துட்டாராம். ஜெயராஜுன்னு, பந்திங்ல இருக்காரு. புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கொண்டுபோக கஷ்டமாம். லோன்தான் முடிஞ்சிருச்சேங்கறாரு இவரு.

இரு, இன்னும் இருக்கு. பேரு மாத்தணும்னா நானே நேர்ல போயி மெஷின்ல பெருவெரல் வைக்கணும். நான் என்ன பண்ணேன்? மாட்டேன்னு சொன்னேனா? அரை நாள் லீவு போட்டு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டுப் போயி வச்சுக் குடுத்தேன். திரும்பி வர்றப்ப ஜெயராஜ்தான் என் காடியிலேயே கொண்டாந்து என்ன பஸ் ஸ்டாப்புல எறக்கிவிட்டாரு. தேங்க்ஸ் அண்ணின்னாரு. பரவால்ல தம்பின்னேன். பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறகுதான் வயிறு எரிய ஆரம்பிச்சது. அவங்க மேல கூட இல்ல மா, என் வெரல் மேல.

அதான் கேக்கறேன், இந்தக் காடிக்கு கிராண்ட், அந்த ஓனர் பத்திரம், யாரு பேருல வரும்? கம்பெனி பேருலயா? என் பேருல கூட இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு. நீ மொகத்த அப்படி வச்சுக்காத, இதுல நல்ல விஷயமே அதுதான். தம்பிக்குக் குடுக்க முடியாது, அக்கா மகனுக்குக் குடுக்க முடியாது. கட்டற வரைக்கும் காடி என் ஒருத்தி கையில இருக்கணும். எனக்கு வேண்டியது அவ்ளோதான்.

ஓட்டறவங்க பேரு எழுதணுமா? என் பேரு மட்டும் எழுது. ரெண்டாவது எடத்தக் காலியா விடாத, ஒரு கோடு போட்டு அடிச்சிடு.

லைசென்ஸா? இருக்கே. இருவத்திரெண்டு வருஷமா ரினியூ பண்ணிக்கிட்டு இருக்கேன். ஓட்டறது ஆறு வாரமாத்தான். சாப்பாட்டு நேரத்துல, கூட வேல பாக்கற வீரம்மான்னு ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு தடவ ரோட்டோர திட்டு மேல ஏத்திட்டேன், ஒரு தடவ அந்தம்மா சாமி பேரச் சொல்லிக் கத்திட்டாங்க. பார்க்கிங் இன்னும் சரியா வரல. உங்க வாசல் நேராதானே இருக்கு? அப்ப வெளிய எடுத்துடுவேன்.

அதோ பாரு, செகப்புக் காடி பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறாரு. தம்பிக்கு அனுப்புவாரு. பாக்கெட் புடைச்சிருக்கு பாத்தியா, எலுமிச்சம்பழம், நாலு டயருக்கும் நாலு. இன்னிக்கே எடுக்கலாம்னு நீங்க சொன்னதால காலையிலயே வாங்கிட்டாரு. திரும்பறப்ப காடியில போவோம்னுதான் ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்தோம். கெட்டவரு இல்ல மா வாசு. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. கேக்க மாட்டாரு, அதான். இருவத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது, புனிதா உனக்கு எது வேணும்னு அந்த வாயிலேர்ந்து வந்ததில்ல.

ஆ, மைலேஜ். அதையும் சொல்லு. சின்ன பிளான்ல வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர், தாண்டுனா தனிக் காசு. எனக்குச் சின்ன பிளான் போதும்.

போதாதா? சரி, கணக்குப் போட்டே காட்டு. வீடு காப்பார். வேல, அடுத்த வாரத்துலேர்ந்து சுங்கை பூலோ. ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ஆபீஸ்தான், மாத்தல் கெடச்சிருக்கு. ஆமா, கேட்டு வாங்குனதுதான். போக நாப்பது, வர நாப்பது. ம். மாசத்துக்கு இருவத்திரெண்டு நாள். ம். வருஷத்துக்கு இருவத்தோராயிரம் தாண்டுதா? அப்ப ஆறாயிரத்துக்கு மேல தனியாக் காசு கட்டணும். அக்கா, இது உங்களுக்கு நல்ல டீல் இல்லங்கற. நல்ல புள்ள மா நீ. வேற யாராச்சும்னா கையெழுத்த வாங்கிட்டு அனுப்பியிருப்பாங்க.

ஆனா அந்த வர்ற நாப்பத அடிச்சிடு. போற நாப்பதும் தெனமும் இல்ல, இன்னிக்கு ஒரு தடவதான்.

ஆபீஸ்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்ல ரூம் பாத்திருக்கேன். அங்க வேல பாக்கற மாதவியோட வீடு, மேல் மாடி. அட்வான்ஸ் குடுத்தாச்சு. துணிமணி எல்லாம் போன வாரமே கொஞ்சம் கொஞ்சமா ஆபீஸ் பையில வச்சு எடுத்துட்டுப் போயி அங்க அனுப்பிட்டேன். மக தாமரை பினாங்குல வேலைல இருக்கு, அதுக்குத் தெரியும். இப்பப் போட்டுப் பாரு கணக்க. சின்ன பிளான் தாராளம்ல? எனக்கு நல்ல டீல்தான்.

அவருக்கா? இன்னும் சொல்லல. இங்கயே சொல்லிடலாம்னு இருக்கேன். வீட்டுல வச்சுச் சொன்னா தம்பி, அக்கா எல்லாரும் வந்து சுத்தி உக்காந்துக்குவாங்க. ஆளாளுக்குக் கேட்டா நான் சரின்னுடுவேன் மா. என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

எங்க கையெழுத்து? இங்கயா? இங்கயும்? சரி.

வராரு. அந்த நாற்காலிய இப்படி இழுத்துப் போடு மா, அவருக்கு பிரஷர் இருக்கு, நின்னுக்கிட்டுக் கேக்க வேணாம். குடிக்கத் தண்ணி வை, ஐஸ் இல்லாம. அப்புறம் அவருக்கு, காப்பாருக்கு ஒரு கிராப் டாக்சி கூப்பிட்டுடு, காசு நான் தரேன். இப்பவே வேணாம், ஒரு அரை மணி நேரம் போகட்டும். அவரு அழுது நான் பாத்ததில்ல, எவ்ளோ நேரம் அழுவாருன்னு தெரியல.