வார்னிஷுக்குள் ஒரு முடி

கீறல் இல்லைங்க சார், அது முடி. விரல வெச்சுப் பாக்காதீங்க, கை எண்ணெய் ஒட்டிக்கும். இப்படி ஜன்னல் பக்கமா நின்னு பாருங்க. மேல்தளத்துல, நடுப் பாய்மரத்துக்குப் பக்கத்துல, வார்னிஷுக்குள்ள தெரியுதா? நீட்டுனா ஒரு மொழம் வரும். சுருண்டு கெடக்கறதால சின்னதாத் தெரியுது.

தேய்ச்சு எடுக்கலாமான்னா, எடுக்கலாம். வெள்ளிக்கெழம உங்க ஓட்டல் தொறப்பு, கல்லாவுக்குப் பக்கத்துல இந்த மரக்கப்பல் நிக்கணும், எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. ஓசூர்ல மீன் ஓட்டல். கடலு இல்லாட்டி என்ன, கப்பலாவது இருக்கட்டும்.

எப்படி உள்ள போச்சுன்னுதான நானும் கேக்கறேன். வெளிய ஊரே தூசு. மத்திகிரியில லாரி ஓடாத நேரம் கெடையாது. காத்தடிச்சா மாட்டுப்பண்ணையில இருந்து வைக்கோல் தூளு வேற. ஆனா இந்த ரூமுக்குள்ள வர முடியாது. ஜன்னல் சந்து பூரா டேப்பு. ஃபேனக் கழட்டியாச்சு. வேலைக்கு முந்தி தரையில தண்ணி தெளிச்சிருவேன், தூசு எந்திரிக்காது. பாதித் தூசு வெளிய இருந்து வர்றதில்ல சார், கப்பலே போடறது. பலக தேய்ச்ச தூளப் பிரஷ்ஷால தட்டி, பிசுபிசுன்னு ஒட்டற துணி ஒண்ணு இருக்குது, அதால ஒத்தி எடுத்து, ஒரு நாள் பூரா பாலித்தீன் போட்டு மூடி வெச்சு, அப்புறந்தான் வார்னிஷ் டப்பாவையே தொறப்பேன். ஏழு கோட்டு.

கப்பல்ல வேல பாத்தவனான்னா கேக்கறீங்க? அட, கடலையே நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். இருவத்திரெண்டு வருஷமா பைக் கம்பெனில பெயிண்ட் ஷாப்பு. பெட்ரோல் டேங்க் மேல ஒரு தூசு உக்காந்தா டேங்கு ரிஜெக்ட். தூசு எத்தன, நூலு எத்தன, முடி எத்தனன்னு ஷிப்டுக்கு ஷிப்டு நோட்டுல எழுதணும். வீட்லயும் கப்பலுக்கு அதே மாதிரி ஒரு நோட்டு போட்டேன். கம்பெனி புத்தி, எங்க போகும்.

பொம்பள முடிதாங்க. என் வீட்டுக்காரி, மாதேஸ்வரியோடது. அவளுக்கும் சட்டம் போட்டிருந்தேன். பருத்திச் சேல நூலு உடும், நைலக்ஸ்தான் கட்டணும். பவுடர் கூடாது. பெட்ஷீட்டத் தெருவுல போயி உதறணும். இந்தக் கப்பலோட மாரடிக்கறதுக்கு ஒரு மாடு வளத்திருக்கலாம்பா. சொல்லிக்கிட்டே செஞ்சிருவா.

சித்திரையில நோட்டுல முடிக் கணக்கு ஏறிருச்சு சார். வாரத்துக்கு ரெண்டு இருந்தது ஏழாச்சு. வைகாசியில பதினஞ்சு. கம்பெனில ஒரு நம்பர் இப்படி ஏறுனா லைன நிறுத்திருவோம். ஏன் ஏன்னு அஞ்சு தடவ கேக்கணும்னு டிரெயினிங்கே குடுத்திருக்காங்க. வீட்ல நான் ஒரு தடவகூடக் கேக்கல. பிளாஸ்டிக் தொப்பி ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அவளும் பேசாம போட்டுக்கிட்டா. நம்பர் கொறஞ்சிருச்சு. எனக்கு ஒரே சந்தோசம்.

ஆடியில கடைசிக் கோட்டு அடிச்சேன். மறுநா காலையில அவளுக்கு மூஞ்சி வீங்கிருந்துச்சு. ரூம அப்படியே பூட்டிட்டு பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போனேன். முடி எப்ப இருந்து கொட்டுதுன்னு டாக்டரு கேட்டாரு. தெரியலைங்கன்னா அவ. எனக்குத் தெரியுமே. அடுத்த தடவ நோட்டக் கொண்டுபோயிக் குடுத்தேன். பக்கம் பக்கமாத் திருப்பிப் பாத்தாரு. முடியில ஆரம்பிச்சு கிட்னிக்குப் போற வியாதியாம். இவ்வளவு ஒழுங்கா எழுதிக்கிட்டு யாரும் வந்ததில்லன்னு சொல்லி, பைலுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாரு. திட்டியிருந்தாத் தேவலைங்க.

இல்ல சார், குணமாகல. பெரட்டாசியில போயிட்டா. காரியமெல்லாம் முடிஞ்சுதான் ரூமத் தொறந்து இதப் பாத்தேன்.

அர மணி நேர வேலதான். நானூறாம் நம்பர் உப்புத்தாளு அதோ அந்த டப்பாவுலயே இருக்குது. ஆனா நான் எடுக்க மாட்டேங்க. உங்களுக்கு வேற கப்பல் கட்டித் தர்றேன், தூசு தும்பு இல்லாம. தொறப்புக்கு ஆகாது, கோவிச்சுக்காதீங்க. வீடு பூராத் தேடிப் பாத்துட்டேன் சார். சீப்புலகூட அவ முடி ஒண்ணு இல்ல. அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தேன்.