குழியில் கிடந்த தயிர்சோறு

– மூக்க மூடாதீங்க சார், கிட்ட வந்து பாருங்க. நல்லா மக்குன உரக்குழின்னா மழை பேஞ்ச மண்ணு வாசம் வரணும். இது மெய்யாலுமே புளிச்ச வாடை.

– ஹெட்மாஸ்டருக்கும் அதான் கோவம், கலைமதி. திங்கக்கெழமைக்குள்ள நாத்தம் போகலன்னா மூடிட்டு சைக்கிள் ஸ்டாண்டு போடப் போறாரு.

– அருணா டீச்சர் வெட்டுன குழி சார். உங்க வீட்டம்மா வெட்டுனது. மூட வேணாம்னு நீங்க சொல்லலியா?

– அவளே செத்து எட்டு மாசமாவுது. குழிய வச்சிக்கினு என்ன பண்றது.

– மண்ணு பண்றது. டீச்சர் சொன்ன மாதிரிதான் சார் போட்டோம். புங்க எல, சாணி, மேல மல்லாட்டை உரிச்ச கடலத் தோலு. சமைச்சது மட்டும் போடக்கூடாது. போட்டா மண்புழு ஓடிப்போயிடும், பெருச்சாளி வந்துடும்.

– சத்துணவு மிச்சத்த எவனாச்சும் கொட்டியிருப்பான்.

– நானும் அப்டித்தான் நெனச்சேன். எங்க கிளாஸ் ரஞ்சித்த புடிச்சி மெரட்டினேன், அழுதுட்டான் பாவம். அப்பறம் குச்சியால கிளறிப் பாத்தா தயிர்சோறு. சத்துணவுல எந்தக் கெழமையும் தயிர்சோறு கெடையாதே சார்.

– டீச்சருங்க யாராச்சும்...

– பிரபாவதி டீச்சர் தெனம் சப்பாத்தி. ஹெட்மாஸ்டரு சாப்பாட்டுக்கு வண்டிய எடுத்துக்கினு ஒலக்கூரு வீட்டுக்குப் போயிடுறாரு.

– நீ போலீசு வேலைக்குப் போ.

– நாலு நாளா கொழாயாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன் சார். சாப்புட்டவங்க எல்லாரும் வாய் கொப்பளிக்கிறாங்க. ஒருத்தரு மட்டும் டிபன் பாக்ஸ கழுவிக்கினு போயிடுறாரு. வாய்ல தண்ணியே வைக்கல. யாருன்னு சொல்லட்டுமா?

– வேணாம். திண்டிவனத்துல மொத பஸ்ஸுக்கு முன்னாடி எழுந்து எங்கம்மா கட்டிக் குடுக்குது. திருப்பி எடுத்துக்கினு போனா அழுவுது. எனக்கு எறங்கல.

– நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னிக்கே கிளறிவுட்டு காஞ்ச எல போட்டா, திங்கக்கெழமைக்குள்ள வாடை போயிடும். மறுபடி கொட்டாம இருந்தா.

– கொட்ட மாட்டேன்.

– அப்ப சோத்த என்ன பண்ணுவீங்க?

– தெரியல.

– நாளைக்கு சாப்பாட்டு பெல் அடிச்சதும் எங்க வரிசைல வந்து ஒக்காருங்க. எனக்கு ரெண்டு வாய் குடுங்க, மிச்சம் உங்களுக்கு. கொழாயாண்ட நான் நிப்பேன் சார், நீங்க வாய் கொப்பளிக்கிறீங்களான்னு பாக்க.