மாச்சாக்குத் தராசு

இல்லை ரீச்சர், நிண்டுகொண்டு கதைக்காதேங்கோ, அந்தக் கதிரையிலை இருங்கோ. கால் ஆடும், சுவரோடை சாய்ச்சு வைச்சால் ஒண்டும் செய்யாது. பிள்ளை உள்ளை படுத்திருக்கிறாள், தாய் லூர்த்தம்மா தலைமாட்டிலை இருக்கிறா. ஓம், இப்ப முழிச்சிட்டாள். விளையாட்டு நேரம் மயங்கி விழுந்த பிள்ளையைச் சைக்கிளிலை வைச்சு இந்த வெய்யிலுக்கை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறியள், ஒரு தேத்தண்ணி குடியாமல் போகேலாது. சீனிதான் இல்லை. பனங்கட்டி இருக்கு, கடிச்சுக்கொண்டு குடியுங்கோ.

என்ன சாப்பிட்டவளோ? காலமை ஒண்டுமில்லை. ராத்திரியும் ஒண்டுமில்லை. என்னை உப்பிடிப் பாக்காதேங்கோ, வீட்டிலை சாப்பாடு இல்லாமலில்லை. நேவிக்காரங்கள் கடலுக்குப் போக விடுறாங்களில்லை, வள்ளம் கரையிலை காயுது, அது மெய்தான். ஆனால் எங்கடை பங்குக் கோயில் நிவாரணக் கடையிலை மா, சாமான் நிறுக்கிற வேலையைச் சுவாமியார் எனக்குத் தந்தவர். பிட்டு அவிச்சு மூடி வைச்சால், பேந்து தின்னுறன் அம்மா, பேந்து தின்னுறன் அம்மா எண்டு கடைசியிலை பின்னேரம் தாய்தான் அதைத் தின்னுறா.

தவக்காலத்திலை தொடங்கினது. ஒருசந்தி பிடிக்கிறன் எண்டாள். பதினாலு வயதுப் பிள்ளை நாப்பது நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடை நிக்குது எண்டு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கொண்டு திரிஞ்சன், விசரன். உயிர்த்த ஞாயிறு வந்துது, போச்சுது, வைகாசி, மாதா மாசமும் முடியப்போகுது. இவளின்ரை ஒருசந்தி முடியேல்லை. பிறகு ஓட்டம். விடிஞ்சால் கோயில் வளவை இருவது சுத்து. வலைக்கயித்திலை ஒரு துண்டை வெட்டி வைச்சு ஐந்நூறு தரம் துள்ளுறாள். நெற்போல் ரீமிலை சேரத்தானாக்கும் எண்டு அதையும் நான் சிரிச்சுக்கொண்டு பாத்தன்.

சீச்சீ, வடிவுக்காக இல்லை ரீச்சர். வடிவுக்கெண்டால் நான் ஒரு அதட்டுப் போட்டிருப்பன். உங்கடை வகுப்புப் பெர்னடெட் இருக்கிறாளெல்லோ, அவள்தான் வந்து தாயிட்டைச் சொன்னவள். பெட்டையள் இவளைச் சுத்தி நிண்டு கேட்டவையாம், ஊரிலை எல்லாரும் எலும்பாய்த் திரியினம், உனக்கு மட்டும் எங்காலை இந்தக் கன்னம் எண்டு. எங்கடை மா எல்லாம் உதுக்குள்ளைதான் கிடக்கு, கொப்பரிட்டைச் சொல்லித் திருப்பி நிறுத்துத் தா எண்டிச்சினமாம். கோதாரி விழுவாள்கள். அண்டையிலையிருந்து என்ரை பிள்ளை தலை நிமித்தி நடக்கேல்லை. புத்தகத்தை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு மதிலோரமாத்தான் போய்வாறாள்.

நான் மெலிஞ்சு போனால் அப்பாவை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லேலாதெல்லோ, இப்பிடிச் சொன்னவளாம் தாய்க்கு. எனக்காகத்தான் ரீச்சர் பட்டினி கிடக்கிறாள்.

இந்த உயரத்துக்கு இவ்வளவு நிறை எண்டு நீங்கள் கரும்பலகையிலை எழுதினியளாமே? குறை சொல்லேல்லை, பாடம்தானே. அவளுக்கு நாப்பத்திரண்டு வந்ததாம். நாப்பத்திரண்டுக்கு வந்தால் வடிவாச் சாப்பிடுவன் எண்டு தாயின்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினவள். சனிக்கிழமையிலை கடை பூட்டிற நேரம் வந்து, செருப்பைக் கழட்டிப்போட்டு மாச்சாக்கு வைக்கிற தராசிலை ஏறி நிப்பாள். நான்தான் நிறுக்கிறது. அம்பத்தொண்டிலை தொடங்கினவள். நாப்பத்தெட்டு வந்துது, பேந்து நாப்பத்தாறு. போன சனி நாப்பத்திமூண்டரை. இன்னும் ஒண்டரைதானே அப்பா எண்டு சிரிக்கிறாள், அந்த முகத்திலை இப்ப பல்லு மட்டும்தான் தெரியுது.

ஆஸ்பத்திரிக்கோ? நாளைக்கோ? அங்கை முதல் நிறுப்பினம், என்ன? இல்லையில்லை, நான் மறிக்கேல்லை, கொண்டுபோகத்தான் வேணும். நிறுக்காமல் பாக்கமாட்டினமோ? சும்மா கேட்டன். ஓம், மருந்து குடுக்க நிறை தெரியவேணும்தான். அவளைக் கண்ணை மூடச் சொல்லிப்போட்டு நிறுக்கேலாதோ?

நீங்கள்தானே சைக்கிளிலை தூக்கி ஏத்தினியள். மெய்யாச் சொல்லுங்கோ, நாப்பத்திமூண்டு கிலோப் பிள்ளையைத் தூக்கினது மாதிரியோ இருந்தது?

இராது. அந்தத் தராசு பத்துக்கு ஒரு கிலோ கூடக் காட்டும். போன வருசம் இவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாக் கிடந்தவள். நல்ல சாப்பாடு குடுங்கோ எண்டார் டொக்டர். நான் எங்காலை குடுக்கிறது? தராசுக் குண்டுக்கு அடியிலை ஈயம் அடைச்சிருக்கும். வலைக்கு ஈயம் கட்டின கை, சுரண்டத் தெரியாதே? குண்டு பாரம் குறைஞ்சால் தராசு கூட்டிக் காட்டும். சனத்துக்குக் குறைஞ்சுது, எங்கடை பானையிலை கூடிச்சுது. பிள்ளை தேறினாள், கன்னம் வந்துது. அண்டைக்கே திருப்பி அடைச்சிருக்கலாம். ஆசை விடேல்லை, அடைக்கேல்லை.

அவள் நாப்பத்திரண்டைத் தாண்டி எவ்வளவு நாளாச்சு. இப்ப முப்பத்தொம்பதுதான் இருப்பாள்.

போன சனி ஒரு மிளகளவு ஈயத்தைத் திருப்பி வைச்சுப் பாத்தன். அரைக் கிலோ இறங்கிச்சுது. அந்தச் சந்தோசத்திலை ஒரு வாய் தின்னுவாள் எண்டு பாத்தால், ஓடினது வேலை செய்யுது அப்பா எண்டு இன்னும் பத்துச் சுத்துக் கூட ஓடினாள். முழுக்க வைச்சால் ஒரே நாளிலை நாலு கிலோ விழும். கணக்கிலை வகுப்புக்கு முதலாம் பிள்ளை எண்டு நீங்கள்தானே றிப்போட்டிலை எழுதினியள், தராசிலைதான் பிழை எண்டு அவளுக்கு விளங்காதே? இந்தாங்கோ, மிச்ச ஈயம். பொக்கற்றுக்குள்ளைதான் கொண்டு திரியிறன். நான் என்ன செய்ய ரீச்சர், சொல்லுங்கோ.

பொறுங்கோ, கூப்பிடுறாள். ஓம் பிள்ளை, ரீச்சரோடைதான் கதைக்கிறன். என்னம்மா? ஓம், ஓம், கேட்டது, நீ படு.

நாளைக்குச் சனிக்கிழமையாம். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் கடையைத் திறந்து ஒருக்கா நிறுத்துவிடட்டாம். ஆஸ்பத்திரித் தராசுகள் சரியா இராதாம், எங்கடையிலை பாத்தால்தான் தனக்கு நம்பிக்கையாம்.