வெள்ளிக்கிழமை விசாரணை

இல்லீங்கய்யா, நான் குந்தல. தோல் ஷாப்புலேந்து அப்பிடியே வரேன், நாத்தம் உங்க நாற்காலில ஒட்டிக்கும். நின்னுக்கிறேன். இங்க நின்னாதான் சைக்கிளு கண்ணுக்குத் தெரியும். பூட்டு கெட்டுப்போச்சு, அதுக்கோசரம். கேரியர்லயா? ஒண்ணுமில்லீங்க, சாக்கு. அரிசி. நீங்க பேசுங்க.

ஆங், கிருபா. அவ மார்க்கு உங்களுக்கே தெரியும், நீங்கதான போன ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னால எழுந்து நிக்க வெச்சீங்க. தோல் ஷாப்பு சத்தியநாதன் பொண்ணு காலேஜுக்குப் போவுதுன்னு எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. நல்ல சேதி கேட்டுகினு ஏன் திருடன் மாரி தலய தொங்கப் போட்டுகினு கீறான்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

நான் பாக்காத வழி இல்லீங்கய்யா. மொதல்ல உங்க மிஷன் பண்டு. உங்க மேல குத்தம் சொல்லல. உபதேசியாரு புள்ள, வாத்தியாரு புள்ளன்னு பதினோரு பேரு முன்னால நிக்கறாங்க, என் பொண்ணுக்கு எப்ப வரும்? அப்பால கவர்மெண்டுல கடன் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. படிச்சி வேலைக்குப் போயி திருப்பிக் கட்னா போதுமாம். ஓடினேன். ஜாமீன் போட சொத்து கீற ஆளு வேணும்னாங்க. எனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய சொத்துக்காரன் ஜெயவேலு, ரெண்டு எருமை வெச்சிகினு கீறான். அத்தச் சொன்னேன், க்ளார்க்கு பேனாவ வெச்சிட்டு சிரிச்சான்.

கடசியா அந்த ஹரிஜன ஸ்காலர்ஷிப்பு. பீஸு, ஹாஸ்டலு, புஸ்தகம், எல்லாம் வந்துரும். ஆனா கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவங்களுக்கு அது கெடையாதாம். வேற ஒண்ணு கீதாம், அது ஹாஸ்டலுக்கே காணாதுன்னு காலேஜு க்ளார்க்கு சொல்றாரு. இன்னா நாயம்யா இது? நாங்க இருக்கற தெரு அதே தெரு. தண்ணி எடுக்கற கெணறு அதே கெணறு. ஞானஸ்நானம் வாங்கினா ஜாதி போயிடும்னு கவர்மெண்டு சொல்லுது, டீக்கடைக்காரன் சொல்லலியே? அவன் எனக்கு இன்னும் தனி கிளாஸ்லதான் ஊத்தறான். நம்ம கல்லறைத் தோட்டத்துலயே எங்க ஆளுங்களுக்கு அந்த வேலியோரம்தான... சரி, அத்த வுடுங்க. அத்த ஏன் இப்ப பேசினேன்.

தண்ணி வேணாங்கய்யா. அந்தப் பசங்க சைக்கிள்கிட்ட நிக்கறாங்களே, கொஞ்சம் அதட்டுங்க. டேய், தொடாத! ஒண்ணுமில்ல, வெயிட்டு அதிகம், சாஞ்சா கால்ல வுழுந்துரும்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒண்ணு கீது. நீங்க இந்த சபைக்கு வர்றதுக்கு முன்னால நடந்தது. பேப்பர்ல அவ கிருபா இல்ல. ஸ்கூல்ல சேக்கசொல்ல ஹெட்மாஸ்டர் ஸ்ரீரங்கன் சார் சொன்னாரு, ஏகநாதா, உன் பழய பேரையே போடு, பொண்ணுக்கு உங்கம்மா பேர வையி, இந்துன்னு எழுது, நாளைக்கு உதவும்னு. நல்ல மனுஷன், நல்லதுக்குதான் சொன்னாரு. அதனால ஸ்கூல் ரெஜிஸ்தர்ல அவ செல்லியம்மாள், ஏகநாதன் மக. கோயில்ல கிருபா, சத்தியநாதன் மக. நான் தயங்கினேன், மெய்யாலுமே. எங்கூட்டுக்காரிதான் கேக்கல. எழுதுய்யா, கர்த்தரு எந்தப் பேர்ல கூப்ட்டாலும் காது குடுப்பாரு, கவர்மெண்டு குடுக்காதுன்னு சொல்லிச்சு. சாரா பேசினா எதுர்ப்பேச்சு பேச முடியாது. நாலாங் கிளாஸ் படிச்ச பொம்பள, பொண்ண பி.ஏ. படிக்க வெக்கணும்னு அதுக்குத்தான் ஆச. சாவறப்பகூட என்னக் கேக்கல, புள்ள படிப்ப நிறுத்திடாதன்னுதான் சொல்லிச்சு.

அழுவலீங்கய்யா. சுண்ணாம்புத் தொட்டிகிட்டயே நிக்கறதுல கண்ணு இப்பிடித்தான்.

செவ்வாக்கெழம தாலுக்கா ஆபீஸ்லேந்து ஆர்.ஐ. வந்தாரு, கூட ஊர்க் கணக்கு பாக்கற கர்ணம். அந்த இந்துப் பேர்லயே ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தேன், அது மெய்யான்னு வூட்டுக்கே வந்து பாக்கறதாம். வர்றாங்கன்னு மொத நாளே தெரிஞ்சிபோச்சு. சிலுவை, வசனக் காலண்டரு, பாட்டு புஸ்தகம், எல்லாத்தையும் அரிசி டின்னுல போட்டு மூடினேன். பக்கத்து வூட்டு தனக்கோடிகிட்ட ஒரு முருகர் படம் எரவல் வாங்கினேன். எரவல் பொருளாச்சே, நல்லபடியா வெச்சிக்கணுமேன்னு ஈரத்துணி போட்டு பளபளன்னு தொடச்சி மாட்டிட்டேன். மடப்பய, மடப்பய! ஆர்.ஐ. உள்ள வந்தாரு, படத்துகிட்ட போயி மூக்க வெச்சிப் பாத்தாரு. ஏம்பா, சாமி கும்புடற வூட்ல படத்துக் கண்ணாடில ஒரு துளி குங்குமம்கூட இல்லியேன்னாரு. அவ்ளோதான், எனக்கு வேட்டி நனையாத கொற. கிருபா நெத்தில பொட்டோட நிக்குது, அதுக்கு மூஞ்சே வெளுத்துப்போச்சு.

சிரிக்காதீங்கய்யா. சரி, சிரிங்க. நானே வேற சமயமா இருந்தா சிரிச்சிருப்பேன்.

அப்பால பைலேந்து ஒரு மொட்டக் கடுதாசி எடுத்தாரு. நம்ம சபையில யாரோதான். ஞாயித்துக்கெழம நீங்க அவள எழுப்பி நிக்க வெச்சீங்க, செவ்வாக்கெழம கடுதாசி அவரு கைல கீது. நான் யாரையும் சொல்லல. அத்தப் படிச்சிட்டு, சம்சாரம் பேரு இன்னான்னாரு. செத்துப்பூட்டாங்கன்னேன். பேரக் கேட்டேன்னாரு. பொன்னின்னு வாய்ல வந்துச்சு. எரிச்சியா, பொதச்சியா? எரிச்சேங்க. அப்ப கிறிஸ்தவங்க தோட்டத்துல வேலியோரமா ஒரு கல்லு கீதாமே, சாராள், கணவர் சத்தியநாதன், மகள் கிருபான்னு எழுதி, அது யாருன்னாரு. தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாதான்னாரு. அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்கன்னேன். பக்கத்துல கிருபா நிக்குது. உள்ள போயி கதவ சாத்திகிச்சு. இன்னிவரைக்கும் எங்கிட்ட பேசல.

சொல்லாதீங்கய்யா. ஏசுவையே தெரியாதுன்னு சொன்ன பேதுரு கத எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கெழம வந்து அந்தக் கல்ல என் கண்ணால பாப்பேன், பொய்யின்னு தெரிஞ்சா ஸ்காலர்ஷிப்பும் கெடையாது, உன் மேல கேசும் எழுதுவேன்னுட்டுப் போயிட்டாரு. அன்னிலேந்து சோறு எறங்கல. நாளைக்கு வெள்ளி. பயமா கீதுய்யா. ஜெயிலுக்குக்கூட பயமில்ல. அப்பன் பொய் சொல்லிட்டான்னு புள்ளய காலேஜ் கேட்டுலேந்தே தொரத்திட்டா? அவ மறுபடி வூட்ல குந்திகினு, என்ன மாரி தோலுக்குதான் வருவா. அதுக்கா சாரா அந்த ஆச வெச்சிச்சு?

இல்லீங்கய்யா, உங்கள பொய் சொல்லச் சொல்லி கேக்க வரல. சத்தியமா. கோயில் ரெஜிஸ்தர கேட்டாருன்னா அது உங்க மனசு, உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல நான் வரல. தோட்டத்தப் பாக்கணும்னாருன்னா தடுக்காதீங்க, அவரே போயி பாக்கட்டும். வேலியோரம் நெடுகப் பாக்கட்டும். அங்க ஒண்ணும் இல்ல. மண்ணத் தள்ளி, மேல தழயப் போட்டுட்டேன்.

ஆமாங்கய்யா. சாக்குல அரிசி இல்ல.

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனப்ப நான் கடப்பாறைய எடுத்துகினு போனேன். ஒண்டி ஆளா பேத்தேன், ஒண்டி ஆளா கேரியர்ல ஏத்திக் கட்டிட்டேன். எப்பிடின்னு கேக்காதீங்க, பயத்துல எங்கேந்தோ பலம் வந்துச்சு. இப்ப எறக்கணும்னா கை வரமாட்டேங்குது. உங்க புஸ்தக ரூம்புல ஒரு மூல போதும். பி.யூ.சி. ஒரு வருஷம், பி.ஏ. மூணு வருஷம். நாலே வருஷம். அவ பாஸ் பண்ண அன்னிக்கே நான் வந்து எடுத்துகினு போயி, இருந்த எடத்துலயே நட்டுடறேன். ஞாயித்துக்கெழம பூ எடுத்துகினு அவ தோட்டத்துக்குப் போவா. நான் இன்னும் அவகிட்ட சொல்லல. நீங்களே கொஞ்சம் சொல்லிடுங்க, உங்க மேல அவளுக்கு மரியாத கீது.

வர்றீங்களா? ஒரு கை குடுங்க போதும். பாத்து, கயிறு இறுக்கிகினு கீது. தலமாட்டுப் பக்கம் நீங்க புடிங்க. மெதுவா. ஆங், இங்கயே. பேரு மேல பாத்த மாரி வைங்கய்யா.

இல்ல, வேணாம். கவுத்தே வெச்சிருங்க.