பன்னிரண்டாம் அறைச் சாவி

— கையைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆடாதடியம்மா, குண்டூசி குத்திடும்.

— சரிங்க அத்தை. யாரோட கோட்டு இது?

— ஒரு வாடிக்கைக்காரியோடது. உன் உடம்புவாகுதான் அவளுக்கும். நாளைக்குப் போட்டுக்கிட்டு வேலைக்குக் கிளம்பணுமாம், என் உயிரை வாங்குறா. நீ பாட்டுக்கு உன் பாடத்தைச் சொல்லு. எனக்கும் மெஷின் சத்தத்தையே கேட்டுக் காது புளிச்சிடுச்சு.

— மே ஐ ஹெல்ப் யூ, சார்?

— அப்படின்னா?

— “உங்களுக்கு நான் உதவலாமா”ன்னு அர்த்தங்க. ஓட்டல் வரவேற்புல நிக்கிறவங்க முதல்ல அதைத்தான் கேக்கணும்.

— உதவுறதுக்கே உத்தரவு கேக்கணுமா? நல்ல கூத்து. அப்புறம்?

— குட் யூ ப்ளீஸ் வெயிட்? “கொஞ்சம் காத்திருக்க முடியுங்களா.” “கேன் யூ”ன்னு கேட்டாலும் தப்பில்லை. “குட் யூ”ன்னு கேட்டா இன்னும் மரியாதை.

— தோள்ல பஞ்சு வச்சுத் தைக்கிற மாதிரி. சரி, மேல?

— யூ மஸ்ட் சைன் ஹியர். “இங்க கையெழுத்துப் போட்டே ஆகணும்.”

— ஆங்! இந்த மஸ்ட் நல்லா இருக்கே, ஊசி ஏறுன மாதிரி சுருக்குன்னு. அதை ஏன்டி தலையணைக்குள்ள பேசுற மாதிரி முணுமுணுக்கிற?

— வந்தவங்க பெரிய மனுசங்களா இருந்தா சத்தமா எப்படிங்க சொல்றது? அத்தை... ஒண்ணு கேக்கலாமா?

— திரும்பி நின்னு கேளு. முதுகு அளவு பாக்கணும்.

— அந்த ஓட்டல்லேர்ந்து மறுபடி போன் வந்துச்சு. நாளைக்கே வேலையில சேரணுமாம், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். உங்க புள்ளையைக் கேட்டா, “அம்மா சரின்னா எனக்கும் சரி”ங்கறார்.

— அவன் எப்பவும் அப்படித்தான், பந்தை என் மடியில போட்டுட்டுப் போயிடுவான். நான் வேண்டாம்னு சொன்னது சொன்னதுதான்.

— ஏன்னு மட்டும் சொல்லுங்க அத்தை.

— சொல்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து “சரிங்க”வைத் தவிர வேற பேச்சு உன் வாயில வந்ததில்லை. பழைய சோத்தைக் குடுத்தாலும் சரிங்க, பழியைப் போட்டாலும் சரிங்க. அங்க ராத்திரி வேலை. எவனாவது வந்து, “பக்கத்து ரூம் சாவியை எடு”ன்னா, அதுக்கும் சரிங்கன்னு எடுத்து நீட்டிடுவ. உள்ள தூங்குறவ கதி?

— அப்படியெல்லாம் குடுக்க மாட்டேங்க.

— பாத்துடுவோமா? அந்த இஸ்திரி மேசைதான் உன் மேசை. போய் நில்லு, கோட்டு இருக்கட்டும். இந்தா, பீரோ சாவி. இது பன்னண்டாம் நம்பர் ரூம் சாவின்னு வச்சுக்கோ. நான்தான் வந்தவன். ஏய், சாவி எடு!

— மே ஐ நோ யுவர் நேம், சார்?

— பேரைச் சொன்னாத்தான் குடுப்பியா? பன்னண்டாம் நம்பர், சீக்கிரம்!

— அதுல வேற ஒரு அம்மா தங்கியிருக்காங்க. சாரி சார், ஐ கேனாட்...

— என்ன முனகல் அங்க? நான் யாருன்னு தெரியுமா? இந்த ஓட்டல் முதலாளியோட மச்சான்! எடுடீ சாவியை!

— சரி... சரிங்க. இந்தாங்க.

— பாத்தியா! குடுத்துட்டியேடி, குடிகெடுத்தவளே!

— நீங்க அசல் மாமியார் மாதிரியே அதட்டுனீங்க, கை தானா நீண்டுடுச்சு.

— நான் அசல் மாமியார்தான்டி! சிரிக்காத. சாவியைப் பிடி, மறுபடியும் வர்றேன். ஏய், பன்னண்டு!

— ஐ கேனாட், சார். யூ மே சிட் தேர்.

— என்ன சொல்ற?

— “அங்க உக்காரலாம்”னேன். உக்காரத்தான் அனுமதி. சாவிக்கு இல்லை.

— முதலாளியோட மச்சான்டீ நான்!

— முதலாளியே வரட்டும். யூ மஸ்ட் கோ!

— அம்மாடியோ! சரி, விளையாட்டுப் போதும். பீரோவுல துணி வைக்கணும், சாவியைக் குடு.

— நோ, சார்.

— அடியே, நெசமாவே நான் கேக்கறேன். உன் அத்தை.

— அத்தைன்னாலும் முடியாது. என் மேசையில இருக்கிற சாவி என் பொறுப்பு.

— ஓகோ! மேசை கூட உன்னோடதாயிடுச்சா? நாளைக்கு நீ எங்கயும் போகலை, இங்க கொக்கி தைக்கப் போற. அதுக்கு என்ன சொல்ற?

— மாட்டேன்.

— என்னது?

— ஐ வில் கோ. நான் போவேன் அத்தை. நீங்க சரின்னா சந்தோசமா போவேன். வேண்டாம்னா அழுதுக்கிட்டே போவேன். ஆனா போவேன்.

— சத்தமா சொல்லு.

— போவேன்!

— எதுத்த வீட்டுக்குக் கேக்கல.

— போவேன்! போவேன்! போவேன்!

— ம்ம்.

— ஏன் அத்தை வெறும் “ம்ம்”ங்கறீங்க? கோவமா?

— பல்லுல நூலைக் கடிச்சிக்கிட்டு எப்படிடீ பேசுறது?

— கண்ணுல தண்ணி வருதே.

— ஊசியில நூல் கோத்தா வரும். நீ இங்க வா.

— கோட்டைக் கழட்டிடட்டுமா? உங்க வாடிக்கைக்காரி வர்ற நேரமாச்சே.

— அவ இப்பத்தான்டி வந்தா. நிமிந்து நில்லு, உன் கழுத்துக்குக் காலர் சரியா உக்காருதான்னு பாக்கணும்.