முதுகிலிருந்து உருவிய டியூப்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள். "அந்த ஆளு அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு டீ குடிக்காருக்கா" என்று இளையவள் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏட்டி, எதை?"

"பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல டியூப் வச்சு மருந்து விடுவோம்லா, அதைத்தான். பிள்ளை பெறந்த பொறவு நான்தான் உருவி டிரேயில வச்சேன். அந்தப் பொண்ணுக்குத் தலை சுத்துச்சு. அவளைப் படுக்க வச்சிட்டுத் திரும்புனா டிரே காலி."

"நுனியைப் பாத்தியா?"

"பாக்கலையே! ஒடஞ்சு முதுகுக்குள்ள நின்னிருந்தா என்னக்கா செய்ய? புருஷங்காரரு எடுத்துட்டுப் போனதா ஆயாம்மா சொன்னா. டீக்கடைக்கு ஓடினேன். 'இந்த நூலுதான்யா, வலியே இல்ல'ன்னு அம்புட்டுப் பேருக்கும் காட்டுதாரு."

"வாங்கிப் பாத்தியா?"

"பாத்தேன். நீல நுனி முழுசா இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு. அவரு, 'நான் அப்பவே பாத்துட்டேன் சிஸ்டர், ஒடசல் இல்ல. நூல் மில்லுல எனக்குச் செக்கிங் வேலைதான்'ங்காரு."

"பொறவு?"

"வார்டுக்கு வந்து, 'நுனி முழுசா இருக்கு'ன்னு கேஸ் ஷீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின்னாலேயே வந்தவரு, மில்லுல ரெண்டு பேரு போடணும்னு சொல்லி, எம்பேருக்குக் கீழ அவரும் போட்டுட்டாரு."

"அடிப்பாவி! டாக்டர் பாக்கலையா?"

"பாத்தாரு. ரெண்டாவது பேரு யாருன்னு கேக்கல. 'ரெண்டு பேரு சரிபாக்கது நல்ல பழக்கம், இனிமே எல்லாரும் இப்படியே செய்யுங்க'ன்னுட்டுப் போயிட்டாரு."